டே-கேர்ல விளையாட்டு வாரம்: 2 முதல் 5 வயசு வரை, 24 குழந்தைகள். எப்படிப் பிரிக்கலாம்?

காட்பாடி மழலை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம் வர்ற வாரத்துல, திங்கள் முதல் வெள்ளி வரை எங்க டே-கேர்ல விளையாட்டை வெச்சே பாடம் நடத்தலாம்னு இருக்கோம். நிலவரம் இது:

குழந்தைகள் 24. இதுல 2–3 வயசு 7 பேர், 3–4 வயசு 10 பேர், 4–5 வயசு 7 பேர். டீச்சர் ரெண்டு பேர், ஆயா ரெண்டு பேர். உள்ளே 20க்கு 15 அடி ஹால், டைல்ஸ் தரை. வாசல்ல 30க்கு 20 அடி மண் தரை, ஒரு வேப்பமரம். பத்தரை மணி வரைக்கும்தான் நிழல். செலவுக்கு 2,500 ரூபாய்.

ஒரு நாள் கிரிக்கெட், ஒரு நாள் ஃபுட்பால், ஒரு நாள் கபடி, ஒரு நாள் செஸ், கடைசி நாள் ஓட்டப்பந்தயம், மெடல். இதுதான் இப்போதைக்கு எழுதி வெச்சிருக்கிற திட்டம். சரியா வருமா? எங்கெங்கே சிக்கும்?

சத்துவாச்சாரி பி.டி.

மேடம், ஒரு நாளுக்கு ஒரு விளையாட்டுன்னு பெயரை வெச்சுப் பிரிச்சா இந்த வயசுல நிக்காது. கிரிக்கெட்டுக்கு ஒருத்தர் போடணும், ஒருத்தர் அடிக்கணும், மீதிப் பேர் காத்திருக்கணும். மூணு வயசுக் குழந்தை முறை வரும்வரை ரெண்டு நிமிஷம் நிக்கிறதே பெரிசு. எட்டுப் பேர் வரிசைன்னா ஏழு பேர் சும்மா நிப்பாங்க. தள்ளுமுள்ளு, அழுகை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

உடம்போட அசைவை வெச்சுப் பிரிங்க. திங்கள் ஓடு–நில். செவ்வாய் உருட்டு–எறி. புதன் உதை. வியாழன் தாண்டு–நட. வெள்ளி தூக்கு. கிரிக்கெட், கோ-கோ, ஃபுட்பால் எல்லாம் அந்தந்த அசைவுக்குள்ள படமாகவும் பேச்சாகவும் வந்துடும்.

எந்த வயசுல என்ன முடியும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போட்டா பாதிப் பிரச்சினை தீரும். ரெண்டு வயசுல ஓடும், ஆனா நினைச்ச இடத்துல நிக்கத் தெரியாது. பந்தை உதைக்கும், பல நேரம் பந்து மேல நடந்து போகும். ரெண்டரை வயசு வாக்கில ரெண்டு காலையும் சேர்த்து எகிறும். நாலு வயசுல பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடிச்சிடும். ஒத்தைக் காலில் நொண்டுறது நாலுக்கு மேல, சிலருக்கு அஞ்சு ஆகணும். அதனால பாண்டி ஆடுறோம்னு மூணு வயசுக்காரங்களை நொண்ட விடாதீங்க. கட்டத்துக்குள்ள ரெண்டு காலும் வெச்சு எகிறினா போதும்.

பிடிக்கிறதுல எல்லாரும் செய்யிற தப்பு, சின்னக் கைக்குச் சின்னப் பந்துன்னு நினைக்கிறது. டென்னிஸ் பந்து மாதிரி சின்னது முகத்தை நோக்கி வந்தா குழந்தை கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கும். அப்புறம் பந்துன்னாலே பயம். 20–25 செ.மீ. குறுக்களவுள்ள மெத்துனு இருக்கிற பந்தை, மார்புக்கு நேரா, கீழிருந்து மேலே தூக்கிப் போடணும். ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிக்கட்டும். எறியும்போது சின்னப் பந்து சரி, பிடிக்கும்போது பெரிய பந்து.

தூரக் கணக்கு குறிச்சுக்குங்க. கூடைக்குள்ள சின்னத் துணி மூட்டை எறிய 2–3 வயசுக்கு 60 செ.மீ., 3–4க்கு 1 மீட்டர், 4–5க்கு ஒன்றரை மீட்டர். பாட்டில் சாய்க்கப் பந்து உருட்ட 1.5, 2, 3 மீட்டர். பத்துத் தடவைக்கு ஏழு தடவை விழுற தூரம்தான் சரியான தூரம். எல்லாமே விழுந்தா ஒரு அடி பின்னாடி போகச் சொல்லுங்க, நாலுக்கும் கம்மியா விழுந்தா முன்னாடி கூப்பிடுங்க.

ஃபுட்பாலுக்கு 3ஆம் நம்பர் பந்து, காத்தைக் கொஞ்சம் இறக்கி. முழுக் காத்தோட இருந்தா ஒரு உதையில வாசல் கேட்டைத் தாண்டிடும், ஆயா பாதி நேரம் பந்து பொறுக்கிக்கிட்டே இருப்பாங்க. கோல் ரெண்டு மீட்டர் அகலம், கோலி வேண்டாம். ஒரு பந்துக்கு ரெண்டு குழந்தைக்கு மேல் இருந்தா கால்ல கால் மோதும். எட்டுப் பேருக்கு நாலு பந்து வேணும்.

காட்பாடி மழலை

வெள்ளிக்கிழமை 'தூக்கு' என்றீங்களே சார், எடையா? பெற்றோர் ஒத்துப்பாங்களா?

சத்துவாச்சாரி பி.டி.

நம்ம ஊர் வாரம்னா அது இல்லாம இருக்கக் கூடாதுங்கிறது என் கருத்து. சத்துவாச்சாரி பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் ரெண்டு காமன்வெல்த் போட்டியிலும் 77 கிலோ பிரிவுல தங்கம் வாங்கினவர். குழந்தைங்க வீட்டுல இருந்து ஆட்டோவில போற தூரத்துல இருக்கிற ஊர்க்காரர். படத்தைக் காட்டி 'இவர் நம்ம ஊரு'ன்னு சொல்றப்போ அந்தக் கண்ணு விரியும்.

எடை ஒண்ணும் கிடையாது. முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப் 90 செ.மீ. நீளம், அட்டைப்பெட்டியில வெட்டின 25 செ.மீ. வட்டம் பக்கத்துக்கு ஒண்ணு, மொத்தம் 300 கிராமுக்குள்ள இருக்கணும். வட்டம் ஒத்தை அட்டையா இருந்தா முதல் நாளே மடங்கிடும், ரெண்டு அட்டையை ஃபெவிக்கால் போட்டு, மேல கனம் வெச்சு ஒரு ராத்திரி காய விடுங்க. ஒட்டும்போது அட்டையோட வரி ஒண்ணு நெடுக்கா, ஒண்ணு குறுக்கா வரணும்.

நிறம்தான் இதுல பாடம். சர்வதேசப் போட்டியில 25 கிலோ தட்டு சிவப்பு, 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை. அதே நிறத்தைப் பூசுங்க. சின்னவங்க நிறம் சேர்ப்பாங்க, நாலு வயசுக்காரங்க 10, 15, 20, 25ஐ வரிசையா அடுக்குவாங்க.

செய்முறை: பைப்புக்கு முன்னாடி உட்காரு, பிடி, மார்புக்குக் கொண்டு வா, தலைக்கு மேலே தூக்கு, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணும் வரைக்கும் நில்லு, மெதுவா இறக்கு. போட்டியில மூணு நடுவர், சரியாத் தூக்கினா வெள்ளை விளக்கு, தப்புன்னா சிவப்பு. ரெண்டு வெள்ளை வந்தாலே ஜெயம். மூணு குழந்தைங்க கையில வெள்ளைக் காகிதத் தட்டு குடுத்து நடுவரா உட்கார வையுங்க, காத்திருக்கிற நேரமும் வேலையாயிடும். சிவப்புத் தட்டே வேண்டாம்.

ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் ரெண்டு மீட்டர் இடைவெளி கட்டாயம். 90 செ.மீ. பைப் திரும்பினா பக்கத்துக் குழந்தையோட கண் உயரத்துக்கு வரும். எடை கூட்டுறேன்னு பைப்புக்குள்ள மணல் கொட்ட வேண்டாம்.

வாலாஜா செவிலியர்

வெயிலை முதல்ல பேசணும். ஆகஸ்ட்டுல கத்திரி வெயில் போயிருக்கும், ஆனா நம்ம பக்கம் பதினொரு மணி வெயில் ஆகஸ்ட்டுலயும் சுள்ளுனுதான் இருக்கும். வெளி ஆட்டம் 9.15க்கு ஆரம்பிச்சு 10.15க்கு முடியணும். நிழல் பத்தரை வரைன்னு சொல்றீங்க, அந்தக் கால் மணி நேரம் கை கால் கழுவி உள்ளே கூட்டிப் போக வேணும்.

குழந்தை தானா தண்ணி கேக்காது, ஆட்ட ஜோர்ல மறந்துடும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் ரெண்டு மூணு வாய் குடிக்க வையுங்க. சர்க்கரை போட்ட கலர் தண்ணியும், ஊக்கப் பானமும் வேண்டாம். தண்ணி, அப்புறம் சாப்பாட்டு நேரத்துல உப்புப் போட்ட மோர், போதும். முகம் சிவந்து, சோர்ந்து, பேச்சுக் குறைஞ்சா நிழல்ல உட்கார வெச்சு ஈரத் துணியால கழுத்து, அக்குள் துடைங்க. வாந்தி வந்தாலோ, கூப்பிட்டாத் திரும்பலைன்னாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

வெறுங்கால் நல்லதுதான், மண்ணுல. சிமெண்ட் தளத்தையும் இரும்புச் சறுக்கையும் உங்க புறங்கையை அஞ்சு விநாடி வெச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அவங்க பாதத்துக்குக் கொப்புளம்தான்.

அடுத்தது தொண்டையில சிக்கும் சாமான். மூணு வயசுக்குக் கீழே இருக்கிறவங்க கையில 4.5 செ.மீ.க்குச் சின்னப் பந்து எதுவும் போகக் கூடாது. டேபிள் டென்னிஸ் பந்து 4 செ.மீ.தான், அதனால அதுவும் வேண்டாம். டென்னிஸ் பந்து ஆறரை செ.மீ.க்கு மேல, பரவாயில்லை. கோலிக்குண்டு, புளியங்கொட்டை, சோழி எதுவும் அந்த ஹாலுக்குள்ளயே வரக் கூடாது. பெரியவங்க ஆடி முடிச்சதும் கீழே ஒண்ணு உருண்டு கிடக்கும், சின்னது அதை வாயில போடும். செஸ் காயும் அதே கணக்குதான்.

பலூன் அலங்காரமும் வேண்டாம். வெடிச்ச பலூன் துண்டு தொண்டையில ஒட்டிக்கிட்டா எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். காத்தடிக்கிற பெரிய பீச் பந்து ரெண்டு வாங்கிக்குங்க, அதே மகிழ்ச்சி.

குடியாத்தம் அங்கன்வாடி

சாமான் பெரும்பாலும் வாங்கவே தேவையில்லை. வீட்டு வீட்டுக்குப் பழைய கைலி கிடக்குது, அதை வெச்சே பாதி முடிச்சிடலாம்.

துணிப் பந்து: கைலியை ரெண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக் கிழிச்சு வெச்சுக்கினு, நடுவுல பழைய தலையணைப் பஞ்சு ஒரு பிடி வெச்சு, மேல சுத்திக்கினே வாங்க. 15 செ.மீ. வந்ததும் பழைய சாக்ஸ் இல்லன்னா பனியன் துணியால மூடி ஊசி நூல்ல தைச்சிடுங்க. நாடா சுத்தும்போது ஒரே பக்கமா சுத்தினா முட்டை மாதிரி ஆகி நேரா உருளாது. அஞ்சு சுத்துக்கு ஒரு தடவை திருப்பணும். ஒரு கைலிக்கு ரெண்டு பந்து வரும்.

எறியிற மூட்டை: 12க்கு 12 செ.மீ. துணி ரெண்டு, மூணு பக்கம் இரட்டைத் தையல், உள்ளே 100 கிராம் கேழ்வரகு, நாலாவது பக்கமும் இரட்டைத் தையல். முழுசா நிரப்பினா கல்லு மாதிரி ஆகிடும், பிடிக்கவும் வராது. முக்கால் பங்கு போதும், தளர்வா இருந்தாத்தான் சின்ன விரல் உள்ளே அழுந்திப் பிடிக்கும். 24 குழந்தைக்கு 24 மூட்டை, கிழிஞ்சா மாத்த நாலு, ஆக 28. கேழ்வரகு மூணு கிலோ வாங்கினா சரியா இருக்கும். நாலு வீட்டுல முறம் போட்டு நல்லா வெயில்ல காய வெச்சிட்டுத்தான் போடணும், இல்லன்னா வண்டு வெச்சிடும். வாரம் முடிஞ்சதும் மூட்டையைத் தகர டப்பாவுல போட்டு மூடுங்க, எலி துணியோட கடிக்கும்.

பாட்டில்: ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஆறு. கால் பாகம் மணல். வெறும் பாட்டிலா வெச்சா மின்விசிறிக் காத்துக்கே விழும், அரைக்கு மேல போட்டா துணிப் பந்துக்கு அசையாது. மூடி விஷயத்துல ஜாக்கிரதை. பாட்டில் மூடி தொண்டைக்குள்ள போற அளவு. உள்பக்கம் பசை போட்டு இறுக்கி, மேல ரெண்டு சுத்து டேப். ஒவ்வொரு நாளும் காலையில திருகிப் பாருங்க.

வளையம்: ரெண்டு மீட்டர் பருத்திக் கயிறை முனையோட முனை சேர்த்துத் தைச்சா அறுபது செ.மீ.க்குக் கொஞ்சம் மேல அகலத்துல வட்டம் வரும். மண்ணுல அப்படியே வெக்கலாம். டைல்ஸ்ல வெச்சா குழந்தை குதிக்கிறப்போ கயிறோட சேர்ந்து சறுக்கும். ஹாலுக்குள்ள கயிறு வேண்டாம், சாக்பீஸ்ல வட்டம் போடுங்க.

கோலமாவுல கோடு போடலாம்னு தோணும். அதுவும் வேண்டாம், டைல்ஸ்ல வழுக்கும், ஓடுற வேகத்துல கிளம்பிக் கண்ணுல படும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டு சுலபமாக் கிடைக்கும், பந்துக்கு நல்லாத்தான் இருக்கும்னு கேக்குறாங்க. தோல் பதனிடறதுல குரோமிய உப்பு சேர்க்கிறாங்க. எது எப்படிப் பதனிட்டதுன்னு பார்த்துச் சொல்ல முடியாது. எதையும் வாயில வெக்கிற வயசுக்கு வேண்டாம் அக்கா.

காட்பாடி மழலை

அக்கா, மூட்டைக் கணக்கு ரொம்ப உதவி. இப்போ என் பெரிய கேள்வி: விளையாட்டா மட்டும் போயிடாம, எண், மொழி, நிறம் எல்லாம் எங்கே நுழைக்கிறது? தனியா ஒரு வகுப்பு வெக்கணுமா?

முன்பருவப் பாடம் (ஆற்காடு)

தனி வகுப்பு வேண்டவே வேண்டாம். ஆட்டத்துக்குள்ளேயே சொல்லும் எண்ணும் இருக்கு, நாம வாயைத் திறந்து சொல்றதுதான் பாக்கி.

ஒவ்வொரு நாளைக்கும் வினைச்சொல் மூணு, இடமோ எடையோ சொல்ற சொல் ரெண்டு எழுதி வெச்சுக்குங்க. திங்கள்: ஓடு, நில், திரும்பு, முன்னால், பின்னால். செவ்வாய்: உருட்டு, எறி, பிடி, உள்ளே, வெளியே. புதன்: உதை, நிறுத்து, தள்ளு, அருகில், தூரத்தில். வியாழன்: எகிறு, நட, ஊர், மேலே, கீழே. வெள்ளி: குனி, தூக்கு, இறக்கு, கனம், லேசு. நாலு பெரியவங்களும் அதே சொல்லைச் சொல்லணும். ஒருத்தர் 'எகிறு', இன்னொருத்தர் 'குதி', மூணாமவர் 'ஜம்ப்' என்றா ரெண்டு வயசுக் குழந்தைக்கு மூணும் வேற வேற கட்டளை. வீட்டுல உருது, தெலுங்கு பேசுற குழந்தைகள் நம்ம பக்கம் நிறைய. அவங்களுக்கு அந்த அஞ்சு சொல்லையும் வீட்டு மொழியில என்னன்னு அம்மாகிட்டக் கேட்டு, டீச்சரும் ஒரு தடவை சொல்லிட்டா, அன்னைக்கு முழுக்க அந்தக் குழந்தை ஒட்டிக்கும்.

எண்ணுக்குப் பாட்டில் ஆட்டம்தான் முதல். ஆறு பாட்டில், ரெண்டு விழுந்தது, மீதி எத்தனைன்னு கேட்டா கழித்தல் தானா வருது. நாலு வயசுக்காரங்க விழுந்த பாட்டிலுக்கு ஒரு மரக்கட்டைன்னு அடுக்கட்டும். கோபுரம் உயர்றதைப் பார்த்து 'கூட', 'குறைய' புரியும். எண் எழுதின பாட்டிலையே வெச்சா, விழுந்தது '5'ன்னு எழுதின ஒரே பாட்டில்னாலும் குழந்தை அஞ்சு விழுந்ததுன்னு நினைக்கும். எண் வேண்டாம், நிறக் காகிதம் ஒட்டுங்க. எண்ணிக்கையும் எண் வடிவமும் ஒரே நாள்ல மோதக் கூடாது.

அளவுக்கு: பந்து எவ்வளவு தூரம் போச்சுன்னு அவங்க காலடியாலயே அளக்கட்டும். டீச்சர் காலடியில 6, குழந்தை காலடியில 11 வந்ததும் 'ஏன்?'னு ஒரே ஒரு கேள்வி கேட்டு நிறுத்துங்க. பதிலை நாம சொல்லிடக் கூடாது.

கபடி பிடிச்சு விழுற ஆட்டம், அது இந்த வயசுக்கு வேண்டாம். ஆனா மூச்சுப் பாட்டு ரொம்ப நல்லது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பொருளைத் தொட்டு வர்ற வரைக்கும் 'கபடி கபடி' விடாம சொல்லணும். மூணு மீட்டர் போக வர. நாலு வயசுக்கு மேல முடியும். உதடும் மூச்சும் சேர்ந்து வேலை செய்யுது. திக்கிப் பேசுற குழந்தைக்கு இதுல நிர்ப்பந்தம் கூடாது, பாடிக்கிட்டே நடக்கட்டும்.

கோ-கோவுல எட்டுப் பேர் ஒரே வரிசையில ஒருத்தர் விட்டு ஒருத்தர் எதிர்த் திசை பார்த்து உட்காருவாங்க. அந்த உட்காருற முறையை மட்டும் எடுத்துக்குங்க. முன்னால், பின்னால், முன்னால், பின்னால்: ஒரு மாதிரி வரிசையை உடம்பாலயே செஞ்சு காட்டுறது. துரத்த வேண்டாம்.

செஸ்ஸுக்கு ஒரு முழு நாள் தேவையில்லை. தரையில சாக்பீஸ்ல 4க்கு 4 கட்டம், ஒண்ணு விட்டு ஒண்ணு நிழல் அடிச்சு, வெள்ளைக் கட்டத்துல மட்டும் காலை வெச்சு அந்தப் பக்கம் போன்னு சொல்லுங்க. வெள்ளைக் கட்டம் மூலைக்கு மூலைதான் தொடும், அது அவங்களாக் கண்டுபிடிக்கட்டும். இது வியாழன் ஆட்டத்தோட போயிடும்.

வட்டமா உட்கார்ந்து பேசுற நேரம் எட்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. படம் ஒண்ணு, பொருள் ஒண்ணு, கேள்வி ஒண்ணு. ஆகஸ்ட் 29 ஹாக்கி வீரர் தியான் சந்த் பிறந்த நாள், 1905ல பிறந்தவர் என்பது பெற்றோருக்குப் போற காகிதத்துல இருக்கட்டும். குழந்தைக்கு வளைஞ்ச மட்டையும் பந்தும் காட்டினாப் போதும்.

ஒரு தகப்பன், ஆற்காடு

எல்லாம் சரிங்க. மெடல், ஓட்டப்பந்தயம் இல்லாம என்ன விளையாட்டு வாரம்? லெமன் ஸ்பூன், சாக்கு ஓட்டம், மியூசிக்கல் சேர், இதெல்லாம் பார்க்கத்தானே பெற்றோர் வருவாங்க. தோல்வியும் பழகட்டுமே.

சத்துவாச்சாரி பி.டி.

சார், உங்க ஆசை நியாயம். ஒவ்வொண்ணா சொல்றேன்.

லெமன் ஸ்பூனை வாயில வெக்கிறதைக் கண்டிப்பா விட்டுடணும். குப்புற விழுந்தா ஸ்பூன் காம்பு அண்ணத்தைக் குத்தும். கையில பெரிய மரக் கரண்டி, எலுமிச்சைக்குப் பதில் உருளைக்கிழங்கு. அது உருளாது, நாலு வயசுக்குச் சரியான சவால். மூணு வயசுக்குக் கரண்டியில மூட்டை.

சாக்கு ஓட்டத்துல ரெண்டு கையும் சாக்கைப் பிடிச்சிருக்கும். விழுறப்போ ஊன்றிக்கக் கை இருக்காது, முகம்தான் தரையைத் தொடும். அஞ்சு வயசுக்குக் கீழே வேண்டாம். கயிறு வளையத்துல எகிறிக்கிட்டே போறது அதே வேலையைச் செய்யும்.

மியூசிக்கல் சேர்ல முதல்ல வெளியே போற குழந்தை யாருன்னு பாருங்க. மெதுவா அசையிற குழந்தை, பாட்டு நின்னதை லேட்டாப் புரிஞ்சுக்கிற குழந்தை. யாருக்குப் பயிற்சி அதிகம் வேணுமோ அவங்க ஓரமா உட்காருறாங்க. நாற்காலிக்குப் பதிலாப் பாய் எட்டு போட்டு, பாட்டு நிக்கிறப்போ பாயைக் குறைங்க, குழந்தையைக் குறைக்காதீங்க. கடைசியில ஒரே பாயில எட்டுப் பேரும் நெருக்கி உட்காரணும்.

ஓட்டப்பந்தயம் வேணும்னா வெள்ளிக்கிழமை, நாலு நாலு பேரா, 10 மீட்டர். உங்க வாசல் முப்பது அடிதான், ஒன்பது மீட்டர். கடைசி ரெண்டு மீட்டர் நிக்கிறதுக்கு விட்டா ஏழு மீட்டர்தான் ஓட்டம், அதை அப்படியே வெச்சுக்குங்க. முடிவுக்கோடு சுவருக்கு ஒட்டி இருந்தா முட்டிக்குவாங்க. அந்த ரெண்டு மீட்டருக்கு அப்பால அம்மா அப்பா உட்கார்ந்து கையை விரிச்சுக் கூப்பிடணும், அப்போதான் குழந்தை நடுவுல நின்னு வேடிக்கை பார்க்காம கடைசி வரை ஓடும். கோடு பிரிச்சு 'உன் வரிசையில ஓடு' என்றது இந்த வயசுக்குப் புரியாது. விலகி ஓடினா விட்டுடுங்க.

தோல்வி பழகிறதைப் பத்தி: மூணு வயசுல ஒப்பீடு இன்னும் சரியாப் புரியாது. மெடல் இல்லாதவன் 'நான் மெதுவா ஓடினேன்'னு நினைக்க மாட்டான், 'எனக்குத் தரலை'ன்னுதான் நினைப்பான். எல்லாருக்கும் ஒரே மாதிரி அட்டை மெடல், பின்னாடி அந்தக் குழந்தை இந்த வாரம் புதுசாச் செஞ்ச ஒண்ணை எழுதுங்க. 'ஆறு வளையம் தாண்டினாள்.' 'பந்தை நிறுத்தி உதைத்தான்.' அதுக்கு டீச்சர் தினமும் ஒரு குழந்தைக்கு ஒரு வரி குறிச்சு வெக்கணும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதினா எல்லாத்துலயும் 'நன்றாக விளையாடினான்'தான் வரும்.

ஒரு தகப்பன், ஆற்காடு

கரண்டிக் காம்பை யோசிச்சதே இல்லை. உருளைக்கிழங்கு நல்ல யோசனை. பின்னாடி எழுதுற விஷயமும் சம்மதம்.

சிறப்புக் கல்வி, வேலூர்

விசிலைப் பத்தி யாரும் சொல்லலையே. 20க்கு 15 ஹாலுக்குள்ள விசில் வேண்டவே வேண்டாம். சத்தம் தாங்காத குழந்தை ஒருத்தர் இருந்தாலும் முதல் விசிலோட அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. சலங்கை ஒரு சரம் போதும், மூணு தட்டு தட்டினா 'நில்'. கூடவே கையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுங்க. காதால வாங்காதவங்க கண்ணால வாங்கிப்பாங்க.

அன்றைய மூணு ஆட்டத்துக்கும் மூணு படம் சுவத்துல ஒட்டி, முடிஞ்சதை ஒவ்வொண்ணாத் திருப்பி வையுங்க. அடுத்து என்னன்னு தெரிஞ்சா அடம் பாதி குறையும்.

சேர மாட்டேன்னு நிக்கிற குழந்தையைக் கையைப் பிடிச்சு இழுக்க வேண்டாம். பந்து எடுத்துக் குடுக்கிற வேலை, பாட்டில் நிறுத்துற வேலை குடுங்க. பல பேர் ரெண்டாம் நாள் தானா வந்துடுவாங்க. நடக்க முடியாத குழந்தைக்கு மடியில சாய்வான பலகை வெச்சுப் பந்தை உருட்டி விட்டா பாட்டில் ஆட்டம் முழுசா ஆடலாம். அட்டை எடையைத் தூக்குறது உட்கார்ந்தே செய்யலாம், அப்போ எல்லாரையும் ஒரு சுற்று உட்கார்ந்தே தூக்க வையுங்க.

காட்பாடி மழலை

இப்படி எழுதியிருக்கேன், பாருங்க. 9.00 வட்டம். 9.15 முதல் 10.15 வரை மூணு இடம், ஒவ்வொண்ணுலயும் எட்டுப் பேர், தலா 20 நிமிஷம். 10.15 தின்பண்டம். 10.45 முதல் 11.30 வரை ஹாலுக்குள்ள மறுபடி விளையாட்டு. நாலு பெரியவங்கள்ல நாலு பேரும் ஆட்டத்துல.

சத்துவாச்சாரி பி.டி.

ரெண்டு திருத்தம். 20 நிமிஷம் நிக்காது, 12 நிமிஷம் போடுங்க. மூணு 12 என்றா 36, இடம் மாறத் தண்ணியோட சேர்த்து ரெண்டு தடவை 5 நிமிஷம், ஆக 46. மீதி 14 நிமிஷம் எல்லாரும் சேர்ந்து ஒரு ஆட்டம். குலைகுலையா முந்திரிக்கா சரியா இருக்கும். துரத்துறப்போ இடமிருந்து வலம்னு ஒரே திசை சொல்லிடுங்க, எதிரெதிரா ஓடினா நெத்தி மோதும்.

நாலு பேரும் ஆட்டத்துல நின்னா, ஒரு குழந்தை பாத்ரூம்னு சொன்ன நிமிஷம் எட்டுக் குழந்தை ஆளில்லாம நிக்கும். மூணு பேர் மூணு இடம், நாலாமவர் தண்ணி, பாத்ரூம், காயம், கேட். கேட் தாழ்ப்பாள் அவர் பொறுப்பு. வயசு வரிசைப்படி எட்டெட்டுப் பேராப் பிரிங்க, ரொம்பச் சின்னவங்களையும் பெரியவங்களையும் கலக்காதீங்க. அஞ்சு வயசு வேகத்துல வந்து மோதினா ரெண்டு வயசு தூக்கி எறியப்படும்.

10.45க்கு மறுபடி விளையாட்டு வேண்டாம். பந்தை வண்ணத்துல முக்கி உருட்டிப் படம், அட்டை மெடல் வெட்டுறது மாதிரி உட்கார்ந்த வேலை வையுங்க. மூணு நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 180 நிமிஷ உடல் அசைவு, அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்குற அளவுக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. காலை ஒரு மணி நேரமும் சாயங்காலம் அவங்க சும்மா ஓடுறதும் சேர்ந்தா அது வந்துடும்.

வாலாஜா செவிலியர்

தின்பண்டத்துக்கு: முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை இந்த வயசுக்கு வேண்டாம். திராட்சைன்னா நீளவாக்குல நாலா நறுக்கணும், வட்டமா வெட்டினா அதே அளவு மூடியாத்தான் தொண்டையில நிக்கும். சுண்டல்னா கொண்டைக்கடலையை மசிச்சு உருட்டிக் குடுங்க. வாழைப்பழம், இட்லி எந்தக் கவலையும் இல்லை. ஓடிட்டு வந்த மூச்சிரைப்புல சாப்பிட வெக்காதீங்க, அஞ்சு நிமிஷம் உட்கார வெச்ச பிறகுதான்.

காட்பாடி மழலை

மழை வந்தா? ஆகஸ்ட்டுல ராத்திரி இடி மழை அடிச்சா காலையில வாசல் சேறாயிடும்.

குடியாத்தம் அங்கன்வாடி

மேல ஒரு இஞ்ச் ஈரம்னா பிரச்சினை இல்லை, எகிறுறதுக்கு இன்னும் மெத்துனு இருக்கும். தண்ணி தேங்கி நின்னா உள்ளே வந்துடுங்க. ஹாலுக்குள்ள ஒரே நேரத்துல 24 பேர் ஓட இடம் பத்தாது. 12 பேர் ஆட, 12 பேர் உட்கார்ந்த வேலை, பிறகு மாத்துங்க. ஓடுறதை ஊருறதா மாத்திடுங்க: பாம்பு, முயல், யானை நடை. ஈரக் காலோட டைல்ஸ்ல வந்தா வழுக்கும், வாசல்ல பழைய சாக்கு ரெண்டு போட்டுக் காலைத் துடைச்சு, வெறுங்காலோடதான் உள்ளே. சாக்ஸ் போட்டுக்கினு டைல்ஸ்ல ஓட விடாதீங்க, அது ஈரத்தை விட மோசம்.

தினமும் முடிச்சதும் எண்ணி வையுங்க அக்கா. மூட்டை 28, துணிப் பந்து 8, பாட்டில் 6, மூடி 6. குழந்தைங்களையே எண்ணி டப்பாவுல போடச் சொல்லுங்க. 27 வந்தா அந்த ஒரு மூட்டை கிடைக்கிற வரைக்கும் சின்னவங்களை ஹாலுக்குள்ள விட வேண்டாம், எங்கேயாவது தையல் விட்டுக் கேழ்வரகு கொட்டிக் கிடக்கும்.